ஆதிச்சநல்லூரில் ஒரு பகல்

தலைநகரில் வளரும் நம்மவர் பிள்ளைகளுக்குச் சமாதிகள் புதியன அல்ல. விருந்தினர் வந்தால் ஹுமாயூன் சமாதிக்கு அழைத்துச் செல்கிறோம். மாலைக் காற்று வாங்க லோதித் தோட்டத்துக்குப் போகிறோம். அங்கே புல்வெளிக்கு நடுவே நிற்பனவும் சமாதிகளே. மந்திர் மார்க்கிலிருந்து எத்திசையில் நடந்தாலும், என்றோ ஆண்டு மறைந்த ஒருவருடைய கல்லறையைக் காணாமல் வீடு திரும்புவது அரிது.

எமது மூத்த மகன் ஒருநாள் ஜப்பான் தேசத்துப் படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். சாகாய் என்னும் நகரத்தின் வீடுகளுக்கு நடுவே, சாவித்துவாரத்தின் வடிவில், மரங்கள் அடர்ந்த ஒரு பெருமேடு. அதைச் சூழ மூன்று அகழிகள். அதன் பெயர் தைசென். நீளம் 486 மீட்டர். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அரச சமாதி என்பர். நின்தொகு என்னும் சக்கரவர்த்தி அதில் துயில்வதாக அந்நாட்டு அரண்மனை அலுவலகம் போற்றி வருவதால், பொதுமக்கள் உள்ளே செல்ல இயலாது. வெளியே நின்று வணங்கித் திரும்பவேண்டியதுதான். அதுவும் அதன் அண்டையிலுள்ள மேடுகளும் 2019இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன.

"அப்பா, நம்ம ஊர்ல இந்த மாதிரி உண்டா?" என்று கேட்டான் மகன்.

"உண்டு. இதைவிட ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. ஆனா ராஜாவோடது இல்லை" என்றோம். சொல்லிவிட்டோமேயன்றி, அவ்விடத்தை நாமே கண்டதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். தாயாரின் பிறந்த ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகில். சிறு வயதில் கோடை விடுமுறைதோறும் அவ்வழியாகத் திருச்செந்தூருக்குச் சென்றிருக்கிறோம். "அதுதான் தாழிக்காடு" என்று யாராவது ஜன்னல் வழியே சுட்டிக்காட்டுவார்கள். நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி கடந்துவிடும்.

சென்ற ஆடி அமாவாசைக்கு ஊர் செல்லவேண்டிய காரணம் ஒன்று ஏற்பட்டது. எமது தந்தையார் இவ்வூரில் காலமானார். நிகம்போத் துறையில் தகனம் நடந்தது. அஸ்தி யமுனையிலே கரைந்தது. பொருநைத் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்நதியில் ஒரு பிடிச் சாம்பலும் சேரவில்லையே என்பது தாயாரின் மனக்குறை. நீர்க்கடனையாவது ஊரில் செய்வோம் என்று, தாயாரையும் மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டு திருக்குறள் விரைவு வண்டியில் புறப்பட்டோம். ஆற்றங்கரையில் கடன் முடிந்த மறுநாள் மகன் தன் கேள்வியை நினைவூட்டினான்.

ஆதிச்சநல்லூர், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், ஏறக்குறைய 24 கிலோமீட்டரில், தாமிரபரணியின் தென்கரையில் உள்ள சிற்றூர். இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. புகைவண்டியில் செல்வோர் தாதன்குளத்திலோ ஸ்ரீவைகுண்டத்திலோ இறங்கலாம். நாம் பேருந்தில் போய் இறங்கினோம். தேநீர்க் கடைக்காரர் எம்மைக் கண்டதுமே, "பரம்பு பாக்க வந்தியளா, அண்ணாச்சி? அன்னா தெரியிது பாருங்க, அதுதான்" என்று கை காட்டினார்.

கை காட்டிய திசையில் அரண்மனையும் இல்லை, கோபுரமும் இல்லை. செம்மண்ணும் சரளைக்கல்லும் கலந்த ஒரு நீண்ட மேடு. ஆங்காங்கே பனையும் உடைமரமும். 114 ஏக்கர் பரப்பு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதைச் சுற்றியோ, கண் குளிரும்படி கார் நெற்பயிர். இந்தப் பசுமைக்கு நடுவே இது மட்டும் ஏன் தரிசாகக் கிடக்கிறது என்ற கேள்விக்குள்தான் இவ்விடத்தின் பெருமையே அடங்கியிருக்கிறது. மேட்டின் அடியில் கிடப்பது பாறை. அங்கே ஏர் செல்லாது, நீர் ஏறாது. ஆகவே உழுது உண்ணும் வயலை உயிருள்ளோருக்கும், உழ முடியாத பாறையை இறந்தோருக்கும் என்று அந்நாள் மக்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதனால் அவர்களுடைய வேலை மிகுந்தது. மண்ணில் குழி தோண்டுவது எளிது. இங்கோ பாறையைக் குடைந்து குழி செய்து, ஆளுயரத்தில் பாதிக்கு மேல் நிற்கும் பெருந்தாழியை அதனுள் இறக்கியிருக்கிறார்கள்.

உயர்ந்த இடத்தைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் இருக்கலாமென எமக்குத் தோன்றியது. 2023 டிசம்பர் 17ஆம் தேதி பெய்த பெருமழையை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தாமிரபரணி கரை புரண்டது. தாதன்குளத்துக்கு அருகே தண்டவாளத்தின் கீழிருந்த சரளையை வெள்ளம் அரித்துச் சென்றது. செந்தூர் விரைவு வண்டியை ஸ்ரீவைகுண்டத்திலேயே நிறுத்தி வைத்ததால், ஏறக்குறைய 800 பயணிகள் உயிர் தப்பினர். இருப்புப்பாதை இலாகாவில் ஊழியம் செய்யும் நமக்கு அந்த இரவு எளிதில் மறப்பதன்று. இந்நதியின் குணத்தை மூவாயிரம் ஆண்டுக்கு முன்னிருந்தோர் நம்மைவிட நன்கறிந்திருப்பார்கள். வெள்ளம் வந்தால் முன்னோரின் எலும்பு கடலுக்குப் போகக்கூடாது என்று அவர்கள் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

இப்பரம்பின் கதையை வெளியுலகுக்குச் சொன்னவர் தமிழரல்லர். 1876இல் ஜெர்மனி நாட்டு டாக்டர் யாகோர் இங்கே வந்து அகழ்ந்தார். கிடைத்தவற்றைப் பெர்லின் நகரத்துக்குக் கொண்டு சென்றார். பிறகு 1899 முதல் 1905 வரை தொல்பொருள் இலாகாவைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ரீ பல பருவங்கள் உழைத்தார். இடையிலே, பிரெஞ்சுக்காரரான லூயி லாப்பிக் சிலவற்றைப் பாரிசுக்கு எடுத்துச் சென்றார். ஒரே மேட்டில் அண்டை அண்டையாகக் கிடந்தோர் உடைமைகள் மூன்று நாடுகளுக்குப் பங்காயின. ரீ கண்டெடுத்தவற்றுள் பெரும்பகுதி சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையில் உள்ளது. அவர் தொகுத்த அட்டவணை நூல் 1915இல் வெளிவந்தது.

ரீயின் குறிப்புகளில் எம்மை மிகவும் கவர்ந்தது பொன்னன்று. பொன் இருக்கத்தான் செய்தது: நெற்றியில் கட்டும் மெல்லிய பொற்பட்டங்கள், நீள்வட்டத் தகட்டில் புள்ளிகளால் கோலமிட்டவை. வெண்கலத்தில் எருமை, சேவல், புலி முதலிய உருவங்கள் உண்டு. தாய்த்தெய்வம் என்று கருதப்படும் ஒரு பெண்ணுருவும் உண்டு. வெண்கலத்துக்கு வேண்டிய வெள்ளீயம் அப்பக்கத்தில் கிடைப்பதன்று. ஆதலால் அவர்கள் தூரதேசத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் என்பது தெளிவு. ஆனால் எம் மனத்தைத் தொட்டது இரும்பு. தாழியின் அருகே கிடைத்த வேலும் வாளும் முனை கீழ்நோக்கியே இருந்தன என்றும், துக்கத்துக்கு வந்தோர் சுற்றியுள்ள மண்ணில் அவற்றைக் குத்தி நிறுத்தியது போலத் தோன்றியது என்றும் அவர் எழுதிவைத்தார். அடக்கம் முடிந்ததும் ஒவ்வொருவராக முன்வந்து ஆயுதத்தை மண்ணில் ஊன்றிவிட்டுப் பேசாமல் விலகி நிற்கும் ஒரு கூட்டத்தை அவ்வரிகள் நம் கண்முன் நிறுத்துகின்றன. அவர்களுடைய பெயர் இல்லை, மொழி இல்லை, முகமில்லை. அந்தக் கைச்செயல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அதன்பின் நூறாண்டுக் காலம் பரம்பு பெரும்பாலும் உறங்கிற்று. 2004, 2005ஆம் ஆண்டுகளில் தொல்லியல் துறையின் தி. சத்தியமூர்த்தி மீண்டும் அகழ்ந்தபோது, சிறிய பரப்பிலேயே நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. கீழே பழைய தாழி, அதன்மேல் பிந்திய தாழி, அதற்கும் மேல் ஒன்று என மூன்று அடுக்காக அடக்கம் நடந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே மயானம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஒரு தாழியில் கிடைத்த ஓட்டுத் துண்டில், மண்ணையே ஒட்டி உருவாக்கிய சித்திரம் காணப்பட்டது: நிற்கும் ஒரு பெண், அருகே ஒரு செடி, கொக்கு, மான், முதலை. பொருநைக் கரையின் ஒருநாட் காட்சியைக் குயவர் ஒருவர் பானையில் எழுதிவிட்டார். அவ்வகழ்வின் அறிக்கை மட்டும் பதினைந்து ஆண்டு கடந்தும் வெளிவராமலிருந்து, மதுரைக் கிளை உயர்நீதிமன்றம்வரை வழக்குச் சென்றது. அகழ்வது ஒரு வேலை. அகழ்ந்ததை எழுதுவது அதனினும் பெரிய வேலை. எழுதாமல் விட்ட அகழ்வு, படித்துவிட்டுக் கிழித்தெறிந்த கடிதத்துக்கு ஒப்பாகும்.

அவ்வழக்கின் நடுவேதான் 2019இல் காலக் கணக்கும் வெளிவந்தது. அமெரிக்க நாட்டுச் சோதனைச் சாலைக்கு அனுப்பிய இரண்டு மாதிரிகளின் வயது கி.மு. 905 என்றும், கி.மு. 696 என்றும் தெரிந்தது. அண்டையிலுள்ள சிவகளையில் தமிழக அரசின் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, ஒரு தாழியுள் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியான அறிக்கையோ சிவகளை இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுசெல்கிறது. இதைப் பற்றி அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். இங்கே ஒரு சொல் சொல்லத் தோன்றுகிறது. நம்மவர் கூட்டங்களில், 'பத்தாயிரம் ஆண்டு, இருபதாயிரம் ஆண்டு' என்று ஆதிச்சநல்லூருக்கு வயது கூட்டிப் பேசுவோரைக் கேட்டிருக்கிறோம். வடநாட்டு நண்பர் நடுவே தலை நிமிர்ந்து நிற்கவேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆயினும், சோதனையில் நிற்கும் கி.மு. 905 போதாதா? பொய்க்கணக்கு ஒன்றைச் சேர்த்தால் மெய்க்கணக்கையும் அல்லவா பிறர் நம்ப மறுப்பார்கள்!

2020ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில், சிறப்பிடமாக வளர்க்கத் தேர்ந்த ஐந்து தொல்லிடங்களுள் ஆதிச்சநல்லூரும் ஒன்றாயிற்று. 2023 ஆகஸ்டு 5ஆம் தேதி இங்கே பொருட்காட்சிசாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அன்றே, அகழ்ந்த குழிகளை அகழ்ந்த நிலையிலேயே காட்டும் கண்ணாடித் தளமும் திறக்கப்பட்டது. நாம் காணச் சென்றது அதைத்தான்.

கண்ணாடியின்மேல் நின்று கீழே பார்க்கவேண்டும். சிறுவர்கள் முதலில் அஞ்சினார்கள். பிறகு குப்புறப் படுத்துக்கொண்டார்கள். குழிக்குள்ளே தாழிகள். சில முழுமையானவை, சில மண்ணின் பாரத்தால் வயிறு பிளந்தவை. செந்நிறம், தடித்த ஓடு, அகன்ற வாய். தாழியை ஒட்டிச் சிறு கலங்கள்: உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான கிண்ணங்கள், மூடிகள். இப்படிப்பட்ட கலங்களில் நெல்லுமியும் தினைவகையும் கண்டதாக ரீ முன்னரே குறித்திருந்தார்.

மகனிடம் யோஷினோகாரியைப் பற்றிச் சொன்னோம். ஜப்பானின் கியூஷூத் தீவில் உள்ள அவ்வூரில், தைசென் மேட்டுக்கும் பல நூற்றாண்டு முந்திய மக்கள், இரண்டு பெருஞ்சாடிகளை வாயோடு வாய் பொருத்தி அதனுள்ளே இறந்தோரை வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் அத்தகைய சாடிகள் அங்கே கிடைத்துள்ளன. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு தேடிய பேராசிரியர் சுசுமு ஓனோ இந்தச் சாடி அடக்கத்தையும் ஒப்புமையாகக் காட்டினார். அவர் கொள்கையை மொழியறிஞர் பலர் ஏற்கவில்லை. நமக்கும் அதில் தீர்ப்புக் கூறும் தகுதி கிடையாது. இறந்தவரைப் பானைக்குள், தாய் வயிற்றுப் பிள்ளைபோல் முழங்கால் மடக்கி அமர்த்தும் எண்ணம், ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்காமலே இரண்டு தேசத்தாருக்கும் தோன்றியிருக்கக்கூடும்.

தாயார் வெகுநேரம் பேசாமல் நின்றுகொண்டிருந்தார். பிறகு எம்மை அருகில் அழைத்தார்.

"ஏய்யா, சட்டிக்கு மூடிகூடப் போட்டு வச்சிருக்காவளே. சோத்துல மண்ணு விழக்கூடாதுன்னு நெனச்சிருக்காவ."

நாம் அந்த மூடிகளைப் பார்த்திருந்தோம்; அவை எதற்கென்று எண்ணவில்லை. நூல்களில் 'மூடியுடன் கூடிய கலங்கள்' என்று படித்ததோடு சரி. ஒரு பெண்பிள்ளைக்குத்தான் அது சோற்றுச் சட்டியாகத் தெரிந்தது. புறநானூற்றிலே கணவனை வழியில் இழந்த ஒருத்தி, எனக்கும் சேர்த்து இடம் இருக்குமாறு தாழியை அகலமாக வனைந்து தா என்று குயவரை வேண்டும் பாடல் ஒன்று உண்டு. பள்ளியில் அதை மனப்பாடச் செய்யுளாகவே கண்டோம். கண்ணாடிமேல் நின்றபோது, அது எவ்வளவு அளவறிந்து கேட்ட கேள்வி என்று விளங்கிற்று. அத்தாழியில் ஒருவருக்குமேல் இடமில்லை.

"எல்லாரும் ஒரே எடத்துல கெடக்காவ" என்றார் தாயார் மறுபடியும். வேறொன்றும் சொல்லவில்லை. யமுனையை அவர் நினைத்தார் என்பது எமக்குத் தெரியும். மனைவி அவரைக் கைப்பிடித்து நிழலுக்கு அழைத்துச் சென்றாள்.

வெளியே பரம்பின்மேல் சிறிது நடந்தோம். காலடியெல்லாம் ஓட்டுச் சில்லுகள்; மழை பெய்யப்பெய்ய மேலே வருகின்றன. கறுப்பும் சிவப்பும் ஒன்றையொன்று தழுவிய ஒரு சில்லை எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். கலத்தைச் சூளையில் கவிழ்த்துச் சுடுவதனால் காற்றுப் படாத உட்புறம் கறுப்பாகவும், தீயும் காற்றும் பட்ட வெளிப்புறம் சிவப்பாகவும் ஆகும் என்று விளக்கினோம். பின்பு எடுத்த இடத்திலேயே வைத்தோம். "எடுத்துக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டான் மகன். "கூடாது, சட்டப்படி குற்றம்" என்றோம். யாகோரும் லாப்பிக்கும் எடுத்துச் சென்றதைச் சொல்லி, பெர்லினில் இருக்கும் பானை அந்த ஊரார் காணமுடியாத பானை என்றும் சொன்னோம். நன்றாகத்தான் சொன்னோம் என்று அப்போது நினைத்துக்கொண்டோம்.

தில்லி வந்து நான்காம் நாள், சலவைக்குத் துணி எடுக்கையில் மகனுடைய கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சில்லு விழுந்தது. இரண்டு விரலகலம், உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு.

அவனை அடிக்கக் கை ஓங்கினோம், தாயார் தடுத்தார். "எதுக்குல எடுத்த?" என்று அவரே கேட்டார். அவன் வெகுநேரம் தலைகவிழ்ந்திருந்துவிட்டு, "ஆச்சி, நீங்க அழுதீங்க. தாத்தாவுக்கு ஊர்லேருந்து ஒண்ணும் இல்லைன்னு" என்றான்.

இந்தப் பத்தியில் பிறரைக் குறை சொல்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இம்மாதம் அதற்கு வழியில்லை. யாகோர் அளவில் பெரியவர், எமது பிள்ளை அளவில் சிறியவன், செயல் ஒன்றுதான். பத்து வயதுப் பிள்ளை ஆசையினால் எடுத்தான் என்றால், ஆண்டுக்கு எத்தனை ஆயிரம் பிள்ளைகள் அந்த மேட்டில் நடப்பார்கள்? எவர் கண்ணிலும் படாமல் யமுனைக் கரையில் வீசிவிடலாம் என்றும் ஒரு நண்பர் யோசனை சொன்னார். சர்க்கார் ஊழியன் வீண் வம்பில் மாட்டிக்கொள்ளலாகாது என்பது அவர் கவலை. எமது மனம் ஒப்பவில்லை. யமுனையில் சேர்ந்தது போதும்.

நடந்ததை நடந்தவாறே எழுதி, சில்லின் அளவையும் எடுத்த இடத்தையும் குறித்து, திருச்சியிலுள்ள தொல்லியல் துறையின் வட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் நேற்று கடிதம் அனுப்பியிருக்கிறோம். கீழே மகனும் கையெழுத்திட்டிருக்கிறான். சில்லு ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து, தந்தையார் படத்தின் கீழே பலகையில் இருக்கிறது. தபாலில் அனுப்பச் சொன்னால் அனுப்புவோம். நேரில் கொண்டுவரச் சொன்னால், தை மாதத்தில் விடுமுறை கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறோம். தாயாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.